பென்சில் குறி

மங்கலம் ரோடு, திருப்பூர்
10.7.2006

அன்புள்ள கண்ணு யாழினிக்கு,

அம்மா எழுதுவது. நீயும் மாப்பிள்ளையும் சௌக்கியமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். சிங்கப்பூருக்குப் போன் பேசுவது இப்போது மலிவாயிற்றே, எதற்குக் கடிதம் என்று கேட்பாய். போனில் நான் "சாப்பிட்டியா, என்ன குழம்பு" என்பதைத் தாண்டி என்றைக்குப் பேசியிருக்கிறேன்? இன்னொரு காரணமும் உண்டு. அதைக் கடைசியில் சொல்கிறேன். முதலில் நீ உட்கார்ந்துகொள்.

நான் படிக்கச் சேர்ந்திருக்கிறேன்.

சிரித்து முடித்தாயா? இனிமேல் கேள். பல்கலைக்கழகம் நடத்தும் ஆறு மாத டிப்ளமோ. ஞாயிற்றுக்கிழமை தோறும் கோயமுத்தூரில் வகுப்பு. பாடத்தின் பெயர் கார்ப்பரேட் ஃபைனான்ஸ் அடிப்படைகள். புத்தகம் இங்கிலீஷில் இருக்கிறது, டீச்சர் தமிழில் சொல்கிறாள். கல்யாணத்துக்கு முன்னால் உடுமலைப்பேட்டையில் பி.யு.சி. முடித்த என் சான்றிதழ், முகூர்த்தப் புடவைக்கு அடியில் மடிப்புக் கலையாமல் இருந்தது. புடவைதான் நைந்துவிட்டது.

எதற்கு இந்த வயதில் என்று கேட்பாய். அப்பா போய் வருடம் திரும்பியதும் அண்ணிக்கு ஒரு யோசனை சொல்ல உன் சித்தப்பா வந்தார். "நங்கை, நீங்க எதுக்குங்க கெடந்து சிரமப்படோணும்? கம்பெனில உங்க பாதிக்கு நல்ல வெலையாப் போட்டுக் குடுத்தர்றேன். யாழினிகிட்டப் போயி நிம்மதியா இருங்க" என்றார். ஒரு தொகையையும் சொல்லி, தை மாதம் முடிவு சொன்னால் போதும் என்றார். நீயும் அதையேதான் சொல்கிறாய். நான் மாட்டேன் என்று சொல்லவில்லை. ஆனால் நல்ல விலை என்றால் என்ன விலை? கால் கிலோ கத்தரிக்காய்க்குச் சந்தையில் நாலு கடை ஏறி இறங்குகிறவள் நான். நாற்பது தையல் மெஷின் ஓடுகிற பனியன் கம்பெனிக்கு விலை எப்படிப் போடுவது என்று கணக்கு எழுதும் வெள்ளியங்கிரியைக் கேட்டேன். "அது கார்ப்பரேட் ஃபைனான்ஸுங்க அம்மா, படிச்சவிய கிட்டத்தான் கேக்கோணும்" என்று தலையைச் சொறிந்தார். அடுத்த வாரமே பேப்பரில் இந்த விளம்பரம் வந்தது. சரி, படித்தவரை எதற்குத் தேட வேண்டும், நாமே படித்துவிடலாம் என்று விண்ணப்பம் போட்டேன்.

விண்ணப்பம் திரும்பி வந்துவிட்டது. எல்லாம் சரியாக எழுதியிருந்தேன், கையெழுத்து மட்டும் இல்லை!

உனக்குத்தான் தெரியுமே. வரிக்காக என்னையும் உன் சித்தியையும் கம்பெனியில் பங்குதாரர்கள் ஆக்கியிருந்தார்கள். எந்தப் பேப்பர் வந்தாலும் நாங்கள் போட வேண்டிய இடத்தில் வெள்ளியங்கிரி பென்சிலால் சின்னதாக ஒரு குறி போட்டுத் தருவார். குறி இருக்கிற இடத்தில் கையெழுத்து. அப்புறம் அதை அவரே ரப்பரால் அழித்துவிடுவார். நம்ம ஊர்க் கம்பெனிகளில் பெண்டுகள் கையெழுத்துப் போடுவதே இப்படித்தான். பல்கலைக்கழகத்து விண்ணப்பத்தில் பென்சில் குறி இல்லை. அதனால் கை தானாகவே நகரவில்லை. திரும்பி வந்த உறையைப் பிரித்தபோது விழுந்து விழுந்து சிரித்தேன். கொஞ்ச நேரம் கழித்துச் சிரிப்பு வரவில்லை.

கடைசிக் காரணம் இதுதான். பரீட்சையில் மூன்று மணி நேரம் விடாமல் எழுத வேண்டுமாம். கை பழக வேண்டும். மளிகைச் சிட்டை எழுதிப் பழகினால் போதாது. அதனால் உனக்கு எழுதிப் பழகுகிறேன். கோபித்துக்கொள்ளாதே.

அன்புடன்,
மாணவி அம்மா


சிங்கப்பூர்
22.7.2006

அன்புள்ள அம்மாவுக்கு,

உன் கடிதத்தை அவரிடம் சத்தமாகப் படித்துக் காட்டினேன். "அத்தை கலக்கறாங்க" என்றார். எனக்குச் சிரிப்பும் வந்தது, கொஞ்சம் எரிச்சலும் வந்தது.

நான் பி.காமில் இந்தப் பாடத்தைப் படித்தேன் அம்மா. நல்ல மார்க்தான் வாங்கினேன். பரீட்சை முடிந்த மறுநாள் எல்லாம் மறந்துவிட்டது. அதில் ஒன்றும் பெரிய விஷயம் இல்லை, நாலு ஃபார்முலா, அவ்வளவுதான். அதற்காக நீ ஞாயிற்றுக்கிழமையிலும் பஸ்ஸில் இடிபட்டுக்கொண்டு போக வேண்டாம். சித்தப்பா ஏமாற்றுகிறவர் இல்லை. சொன்ன விலையை வாங்கிக்கொண்டு இங்கே வந்துவிடு.

இன்னொரு செய்தி. போனில் சொன்னால் நீ அங்கே அழுவாய், நான் இங்கே அழுவேன் என்று கடிதத்துக்காக வைத்திருந்தேன். நீ அம்மாயி ஆகப்போகிறாய். மார்ச் மாதம் குழந்தை பிறக்கும் என்று டாக்டர் சொன்னார். அந்த மாதங்களில் இவருக்கு ஆபீஸில் தலைக்கு மேல் வேலை. எனக்கு இங்கே உன்னைத் தவிர யார் இருக்கிறார்கள்? வா. வந்து எங்களோடேயே இருந்துவிடு. இப்போது உனக்கு இங்கே வேலையும் இருக்கிறது.

உன்,
யாழினி


திருப்பூர்
21.8.2006

என் கண்ணே யாழினிக்கு,

போனில் அழுதது போதாது என்று இதை எழுதும்போதும் அழுகிறேன். சாமிக்கு நேர்ந்துகொண்டிருக்கிறேன். தலைப்பிரசவம் தாய் வீட்டில் என்பது வழக்கம். நீ வர முடியாவிட்டால் தாய் வீடு உன்னிடம் வரும். அதில் உனக்குச் சந்தேகமே வேண்டாம். பப்பாளி தொடாதே. அந்த ஊர் மாடிப் படிகளில் ஓடாதே.

இனி வகுப்பு விஷயம். உன்னிடம் சொல்லாவிட்டால் எனக்குத் தலை வெடித்துவிடும்.

எங்கள் டீச்சர் பெயர் விஜயராணி. உன்னைவிட இரண்டு மூன்று வயது மூத்தவள் இருப்பாள். திருநெல்வேலிப் பக்கம். அவள் அம்மா நம்ம ஊர்ப் பனியன் கம்பெனியில் துணி செக்கிங் வேலை பார்த்துத்தான் அவளைப் படிக்க வைத்தாராம். போன வாரம் அவள் ஒரு கேள்வி கேட்டாள். ஒரு கம்பெனி வருடா வருடம் உங்களுக்குப் பத்தாயிரம் ரூபாய் தரும். நிறுத்தவே நிறுத்தாது. உங்களுக்குப் பின் உங்கள் பிள்ளைக்கு, அப்புறம் பேரப்பிள்ளைக்கு, உலகம் உள்ளவரைக்கும் தரும். அந்த உரிமையை இன்றைக்கு என்ன விலை கொடுத்து வாங்குவீர்கள்?

வகுப்பே சத்தம் போட்டது. "அதுக்கு ஏதுங்க வெலை? கோடி குடுத்தாலும் தகும்" என்று நானும்தான் சொன்னேன். அவள் திரும்பி, கரும்பலகையில் ஒரே ஒரு வரி எழுதினாள். வட்டி பத்து சதவீதம் என்றால் விலை ஒரு லட்சம். அவ்வளவுதான் யாழினி! முடிவே இல்லாத வருமானத்துக்கு முடிவான ஒரு விலை. எனக்குப் புல்லரித்துவிட்டது. இது எப்படி என்று அவளே பிரித்துக் காட்டினாள். அடுத்த வருடம் வரும் ரூபாய் இன்றைய ரூபாயைவிடக் கொஞ்சம் சின்னது. அதற்கடுத்த வருடத்து ரூபாய் இன்னும் சின்னது. நூறு வருடம் கழித்து வருகிற பத்தாயிரத்துக்கு இன்றைய மதிப்பு ஒரு ரூபாய்க்கும் கீழே. எல்லாவற்றையும் கூட்டிக்கொண்டே போனாலும் அந்த ஒரு லட்சத்தைத் தாண்டவே தாண்டாது.

எங்கள் ஏலச்சீட்டில் முதல் மாதமே பணம் வேண்டும் என்கிறவள் சீட்டுத் தொகையில் நிறையக் கழித்து ஏலம் கேட்கிறாளே, அது எதற்கு என்று அன்றைக்குத்தான் எனக்குப் புரிந்தது. இத்தனை வருடம் சீட்டுப் போட்டும், ஏதோ அவளுக்கு அவசரம் என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

வகுப்பு முடிந்து எல்லோரும் கிளம்பிவிட்டார்கள். நான் அந்த ஒரு வரியைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தேன். கோயிலில் திரை விலக்கி தீபாராதனை காட்டும்போது வருமே ஒரு நடுக்கம், அதுதான் வந்தது. நீ இதை நாலு ஃபார்முலா என்கிறாய். மாப்பிள்ளையிடம் கேட்டுப் பார், அவராவது ஆச்சரியப்படுகிறாரா என்று.

ஆசிகளுடன்,
அம்மா


திருப்பூர்
18.9.2006

அன்புள்ள கண்ணுக்கு,

உன் பதில் வரும்வரை காத்திருக்க முடியவில்லை. நேற்று வகுப்பில் எனக்கு டீச்சரோடு சண்டை.

அவள் ஒரு கணக்குக் கொடுத்தாள். ஒரு கம்பெனி சாயப் பட்டறை ஒன்றில் பல வருடமாகப் பணம் போட்டுக்கொண்டே இருக்கிறது. இன்னும் கொஞ்சம் போட்டால்தான் ஓடும். போடலாமா, விட்டுவிடலாமா? நான் இதுவரை போட்ட பணம் முழுவதையும் முதல் வரியில் எழுதிக்கொண்டேன். பக்கத்தில் எட்டிப் பார்த்தால், நம்ம ஊரிலிருந்து வருகிறவர்கள் அத்தனை பேரும் அதையேதான் எழுதியிருந்தார்கள். கோயமுத்தூர்ப் பிள்ளைகள் ஒருவரும் எழுதவில்லை. விஜயராணி எங்கள் நோட்டுகளைப் பார்த்துவிட்டுச் சிரித்தாள்.

"திருப்பூர்க்காரங்க பூராவும் ஒரே தப்பு! போன காசு போச்சுல்லா. அதை ஏன் திரும்ப இழுக்கீங்க? நீங்க மெஷினை ஓட்டுனாலும் அது வராது, நிறுத்துனாலும் அது வராது. இனிமே என்ன வரும், இனிமே என்ன போகும், அத மட்டும் எழுதுங்க."

எனக்குச் சுருக்கென்று கோபம் வந்துவிட்டது. எழுந்து நின்றேன். "அப்படீன்னா ஒருத்தரு வருசக்கணக்காப் பாடுபட்டதுக்கு மதிப்பே இல்லீங்களா டீச்சர்?" என்று கேட்டேன். என் குரல் எனக்கே கொஞ்சம் அதிகமாகத்தான் கேட்டது.

அவள் சிரிப்பதை நிறுத்திவிட்டாள். "மதிப்பு இருக்கும்மா. கணக்குல எடம் இல்ல" என்றாள்.

பஸ்ஸில் வரும் வழியெல்லாம் இதுதான் மனதில். உண்மையைச் சொல்கிறேன். நீங்கள் எல்லோரும் விற்கச் சொல்லியும் நான் இழுத்துக்கொண்டிருந்ததற்கு விலை ஒரு காரணமே இல்லை. உன் அப்பா உழைத்த கம்பெனி, அதை எப்படி விடுவது என்பதுதான் காரணம். இனிமேல் அதில் எனக்கு என்ன இருக்கிறது என்று ஒரு நாள்கூடக் கேட்டுப் பார்த்ததில்லை. இப்படி ஒரு கேள்வி இருக்கிறது என்பதே எனக்குத் தெரியாது. அப்பாவின் ஆபீஸ் நாற்காலியில் அவர் போட்டிருந்த துண்டு இன்னும் அப்படியே கிடந்தது. இன்று காலையில் போய் எடுத்து வந்து துவைத்துக் காயப் போட்டேன். அழுதேன்தான். ஆனால் மனது லேசாகிவிட்டது.

உடம்பைப் பார்த்துக்கொள். வாந்தி நின்றதா? எலுமிச்சை ஊறுகாய் அனுப்பியிருக்கிறேன்.

அம்மா


சிங்கப்பூர்
8.10.2006

அன்புள்ள அம்மாவுக்கு,

ஊறுகாய் வந்தது. பாதி தீர்ந்துவிட்டது. வாந்தி குறைந்திருக்கிறது.

உன் டீச்சருக்கு நன்றி சொல். நான் ஒரு வருடமாகச் சொல்லியும் ஏறாததை அவள் ஒரே வகுப்பில் சொல்லிவிட்டாள். போனது போனதுதான். அப்பாவுக்காக நீ அதைக் கட்டிக்கொண்டு அழ வேண்டியதில்லை. பிறகென்ன, விற்றுவிட வேண்டியதுதானே? பிப்ரவரி பத்தாம் தேதிக்கு உனக்கு டிக்கெட் போட்டிருக்கிறேன். ஒருவழி டிக்கெட். திரும்பிப் போகிற பேச்சே கூடாது.

அம்மா, நீ சந்தோஷமாக எழுதுகிறாய், அதனால் இதைச் சொல்ல வேண்டாம் என்றுதான் இருந்தேன். ஆனால் அந்தப் பென்சில் குறி எனக்குள் அறுத்துக்கொண்டே இருக்கிறது. கம்பெனி போர்டில் யாழினி நிட்வேர்ஸ் என்று எழுதியிருக்கிறது. நான் பிறந்த வருடம் ஆரம்பித்ததால் அந்தப் பெயர் என்று அப்பா ஊரெல்லாம் சொல்லுவார். பி.காம். முடித்ததும் ஆபீஸில் ஒரு நாற்காலி கேட்டேன். "பொட்டப்புள்ள கம்பெனிக்கு வந்தா ஊரு சிரிக்கும் கண்ணு" என்றார். நீ பக்கத்தில் நின்று காபி ஆற்றிக்கொண்டிருந்தாய். நகை போட்டீர்கள், கார் கொடுத்தீர்கள், விமானம் ஏற்றிவிட்டீர்கள். அப்பா காரியம் முடிந்ததும் எனக்கும் ஒரு பேப்பர் வந்தது, பென்சில் குறியோடு. அப்பாவின் பங்கில் எனக்கு எதுவும் வேண்டாம் என்ற விடுதலைப் பத்திரம். தெரிந்தேதான் போட்டேன். படித்துப் பார் என்று ஒருவரும் சொல்லவில்லை. நீயும் சொல்லவில்லை.

அந்தக் கம்பெனி விற்றுப் போனால் எனக்கு ஒரு வருத்தமும் இருக்காது. அது என்றைக்கும் என்னுடையதாக இருந்ததில்லை.

யாழினி


திருப்பூர்
20.11.2006

அன்புள்ள யாழினிக்கு,

உன் கடிதத்துக்கு உடனே பதில் எழுதக் கை வரவில்லை. போனிலும் நாம் இருவரும் அதைத் தொடாமல் ஊறுகாயைப் பற்றியே பேசினோம். அதற்கு நான் வார்த்தையால் பதில் சொல்லப் போவதில்லை. நடந்ததை மட்டும் எழுதுகிறேன்.

தீபாவளி லீவு முடிந்ததும் நான் கம்பெனிக்குப் போனேன். பூஜைக்குப் போகிற மாதிரி இல்லை, வேலைக்கு. உன் சித்தப்பா எழுந்து நின்றுவிட்டார். "ஏனுங் நங்கை, சொல்லியனுப்பியிருந்தா நானே ஊட்டுக்கு வந்திருப்பனே" என்றார். "படிப்புக்கு வேணுமுங்க தம்பி. ஒரு கம்பெனியைப் பாத்து எழுதோணும்னு டீச்சர் சொல்லீட்டாங்க" என்றேன். அது பொய் இல்லை, பரீட்சைக்கு அப்படி ஒரு கட்டுரை உண்டு. உள்ளே போய், துண்டில்லாத அந்த நாற்காலியில் உட்கார்ந்தேன். ஒருவரும் சிரிக்கவில்லை. டீ வந்தது.

பின்பக்கக் குடோனில் துணி ரோல்கள் கூரை வரை அடுக்கிக் கிடந்தன. போன வருடம் ஆர்டர் ரத்தானதில் நின்ற துணியாம்.

"இது எத்தனை நாளா இங்கெயே தூங்குதுங்க தம்பி?"

"வாங்குன வெலைக்குக் கீழ குடுக்க மனசு வருங்களா நங்கை? என்னைக்காவது வெலை ஏறும்."

எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. வகுப்பில் நாங்கள் எல்லோரும் செய்த அதே தப்பு, கூரை வரை அடுக்கியிருந்தது! "வாங்கின வெலை போச்சுங்க தம்பி. இன்னைக்கு என்ன வரும்னு மட்டும் பாருங்க. அந்தப் பணத்துல நூல் வாங்குனா, கடனுக்கு வாங்கற நூலை ரொக்கத்துக்கு வாங்கலாமுங்களே" என்றேன். அவர் என்னைப் பார்த்தார், ரோல்களைப் பார்த்தார். அந்த வாரமே காதர்பேட்டையிலிருந்து ஒரு வியாபாரி வந்து அள்ளிக்கொண்டு போனார். குடோன் காலியானதும் அங்கே இவ்வளவு வெளிச்சம் வருமா என்று வெள்ளியங்கிரியே அதிசயப்பட்டார்.

இதில் நான் தலைகால் புரியாமல் ஆடிவிட்டேன் என்பதையும் சொல்லிவிடுகிறேன். அடுத்ததாக ஒரு குட்டி பனியன் ஆர்டர் வந்தது, குழந்தைகளுக்கானது. கணக்குப் போட்டுப் பார்த்து, இதில் ஒன்றும் மிஞ்சாது, வேண்டாம் என்றேன். சித்தப்பா பொறுமையாக, "இந்தப் பார்ட்டி மொதோ தடவ சின்னதாத்தானுங்க குடுப்பான். நல்லா செஞ்சு குடுத்தா அடுத்த சீசன் பூராவும் நம்முளுதுதான்" என்றார். சரி, எடுத்துக்கொள்ளுங்கள் என்றேன். முதல் ஆர்டரை மட்டும் எழுதி, அதன் பின்னால் வருவதை எழுதாமல் விட்டுவிட்டேன். விஜயராணி கேட்டிருந்தால் காதைத் திருகியிருப்பாள்.

அவளிடம்தான் நேற்று கடைசியாகக் கேட்டேன், நான் வகுப்புக்கு வந்ததே இதைக் கேட்கத்தான் என்றும் சொன்னேன். "எங்க கம்பெனில என் பாதிக்கு என்ன வெலைங்க டீச்சர்?" அவள் திருப்பிக் கேட்டாள்: "யாரு கையிலம்மா?" எனக்கு விளங்கவில்லை. "இனிமே வரப்போறதுதான் வெலை. வரப்போறது, நடத்துறவங்களைப் பொறுத்துதானே? ஒரே மெஷினுக்கு ரெண்டு பேர் கையில ரெண்டு வெலை" என்றாள்.

யோசித்துப் பார் யாழினி. ஜூலை மாதம் என் பாதி கையெழுத்துக்காரி ஒருத்தியின் கையில் இருந்தது. சித்தப்பா சொன்ன விலை அதற்குச் சரியான விலைதான், அவர் ஏமாற்றவில்லை. ஆனால் விலை தெரிந்துகொள்ள நான் படிக்கப் போனேன், படிக்கப் படிக்க விலை ஏறிவிட்டது. இப்படி ஒரு அதிசயத்தை நீ எங்காவது கேள்விப்பட்டிருக்கிறாயா? பாடம் என்னிடம் ஒரு வார்த்தை சொல்லாமல் என்னையும் கணக்கில் சேர்த்துக்கொண்டுவிட்டது.

பரீட்சை டிசம்பர் கடைசியில். கை நன்றாகப் பழகிவிட்டது.

அம்மா


சிங்கப்பூர்
5.12.2006

அம்மா,

அப்படியானால் நீ வரப்போவதில்லை. சுற்றி வளைத்து அதைத்தானே எழுதியிருக்கிறாய்?

உனக்குத் தனிமை, உனக்கு வயதாகிறது, அதனால் வா என்று சொல்லிக்கொண்டிருந்தேன். அதெல்லாம் சும்மா. எனக்குப் பயமாக இருக்கிறது. குழந்தையைக் குளிப்பாட்டத் தெரியாது. தூக்கத் தெரியாது. பகலெல்லாம் பதினாலாவது மாடியில் சுவரைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன். நீ ஒவ்வொரு கடிதத்திலும் ஏதோ ஒன்றைப் பார்த்து ஆச்சரியப்படுகிறாய். நான் எதைப் பார்த்தும் ஆச்சரியப்பட்டு எவ்வளவோ நாளாகிறது. உன்மேல் பொறாமையாகக்கூட இருக்கிறது. பெற்ற அம்மாமேல் பொறாமைப்படுகிறவள் இந்த உலகத்தில் நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன்.

பரீட்சையை நன்றாக எழுது.

யாழினி


திருப்பூர்
12.1.2007

என் தங்கமே யாழினிக்கு,

முதலில் இது: பிப்ரவரி பத்தாம் தேதி நீ போட்ட டிக்கெட்டிலேயே வருகிறேன். உன் பிள்ளையை முதலில் குளிப்பாட்டுவது என் கைதான். பயப்படாதே. உன்னைக் குளிப்பாட்டும்போது எனக்கும் ஒன்றும் தெரியவில்லை. நீ வழுக்கி வழுக்கிப் போனாய். ஆனால் கண்ணு, நான் திரும்பி வர வேண்டும். ஒருவழி டிக்கெட் போதாது. அதைப் போனில் சொன்னால் நீ சண்டை போடுவாய் என்றுதான் இங்கே எழுதுகிறேன்.

பரீட்சை எழுதிவிட்டேன். ஒரு கேள்வியை விட்டுவிட்டேன், மற்றதெல்லாம் எழுதினேன். விடைத்தாளின் முதல் பக்கத்தில் கையெழுத்துப் போட வேண்டிய இடத்தைப் பார்த்ததும் முதலில் போட்டுவிட்டுத்தான் கேள்வித்தாளையே பிரித்தேன்.

மறுவாரம் சித்தப்பாவிடம் பேசினேன். என் பாதியைக் கொடுக்கவில்லை என்றேன். அவர் எதிர்பார்த்துத்தான் இருந்தார், காதர்பேட்டைக்காரர் வந்த அன்றைக்கே தெரிந்துவிட்டதாம். அடுத்ததாகச் சொன்னதைத்தான் எதிர்பார்க்கவில்லை. என் பாதியில் சரிபாதி யாழினிக்கு, அவளும் பங்குதாரர் என்றேன்.

"கட்டிக் குடுத்த புள்ளைக்குக் கம்பெனில பங்குங்களா நங்கை? நம்ம சனத்துல கேட்டதுண்டுங்களா?"

"போர்டுல அவ பேரு இருக்குதுங்க தம்பி. பேருக்கு எடமிருக்குது, புள்ளைக்கு இல்லீங்களா?"

அவர் டீயைக் குடித்து முடித்து டம்ளரைக் கீழே வைத்தார். அவர் ஒப்புக்கொள்ளாவிட்டால் நடக்காது. கடைசியில், "இத்தனை வருசத்துல நீங்க ஒண்ணு வேணும்னு கேட்டு நான் பாத்ததில்லீங்க. அண்ணன் இருந்திருந்தா என்ன சொல்லியிருப்பாரோ தெரியாது. நான் வேண்டாங்கமாட்டேன்" என்று சொல்லி, வெள்ளியங்கிரியைக் கூப்பிட்டுப் பேப்பர் தயார் பண்ணச் சொன்னார். நல்ல மனுஷன் யாழினி. ஒரு நாளும் அவரை நாம் தப்பாகப் பேசக்கூடாது.

புதுப் பங்குதாரர் ஒப்பந்தத்தை இதோடு வைத்திருக்கிறேன். பழக்க தோஷத்தில் வெள்ளியங்கிரி எனக்கும் உனக்கும் பென்சில் குறி போட்டுத்தான் கொடுத்தார். உன்னுடையதை நானே ரப்பர் எடுத்து அழித்துவிட்டேன். முதல் பக்கத்திலிருந்து படி. மெதுவாகப் படி. வேண்டாம் என்று தோன்றினால் வேண்டாம், அம்மா ஒரு வார்த்தை சொல்லமாட்டேன். வேண்டும் என்றால் எங்கே போட வேண்டும் என்று நீயே கண்டுபிடித்துப் போடு.

பொங்கலுக்கு உன் பங்குக் கரும்பையும் நானே தின்றுவிடுகிறேன்.

உன் அம்மா,
பொன்னாத்தாள்


சிங்கப்பூர்
27.1.2007

அன்புள்ள அம்மாவுக்கு,

படித்தேன். முதல் பக்கத்திலிருந்து, மெதுவாக. மறுபடியும் ஒருமுறை படித்தேன். அவர் வந்து சாப்பாட்டுக்குக் கூப்பிட்டதுகூடக் காதில் விழவில்லை.

நான் கையெழுத்துப் போடவில்லை.

கோபித்துக்கொள்வதற்கு முன்னால் ஐந்தாம் பக்கத்தை எடுத்துப் பார். கம்பெனிக்கு நஷ்டம் வந்து கடன் நின்றால், பங்குதாரரின் சொந்த வீடு வாசலைக்கூட விற்றுக் கட்ட வேண்டும் என்று எழுதியிருக்கிறது. இத்தனை வருடமும் நீ இதில்தான் கண்ணை மூடிக்கொண்டு கையெழுத்துப் போட்டுக்கொண்டிருந்தாயா? வயிற்றில் இருக்கிறவர் எட்டி உதைத்தார், அவருக்கும் பிடிக்கவில்லை போலிருக்கிறது.

பழைய பாடம் ஞாபகம் வந்தது. பிரைவேட் லிமிடெட் ஆக மாற்றிவிட்டால் கம்பெனி தனி ஆள், அதன் கடன் அதனோடு நிற்கும், வீட்டுக்கு வராது. உயிரே இல்லாத ஒன்றைச் சட்டம் ஒரு ஆளாக மதிக்கிறது. அதற்குச் சொத்து உண்டு, கடன் உண்டு, நாமெல்லாம் போன பிறகும் அது இருக்கும். நான் இதை மார்க்குக்காக மனப்பாடம் செய்தவள். நேற்று இதை யோசித்துக்கொண்டு ஜன்னல் பக்கத்தில் வெகுநேரம் நின்றேன். எனக்கும் புல்லரித்தது அம்மா.

மாற்றலாமா என்று சித்தப்பாவிடம் கேள். வேண்டாம், நீ கேட்காதே, நானே கேட்கிறேன். வரும்போது உன் பாடப் புத்தகத்தை மறக்காமல் எடுத்து வா. எண்ணெயும் சீயக்காயும் அப்புறம்.

டிக்கெட்டை மாற்றிவிட்டேன். ஜூன் மாதம் திரும்புகிறாய். கூடவே நானும் வந்து ஒரு மாதம் இருப்பேன், பிறகு இவர் வந்து அழைத்துக்கொள்வார். ஆபீஸில் இன்னொரு நாற்காலி போடச் சொல். ஏஜென்டிடம் சொல்லிப் பதிவும் செய்துவிட்டேன்: பெரியவர்கள் இருவர், கைக்குழந்தை ஒன்று.

உன்,
யாழினி